முடிச்சு இல்லாத கட்டு

என்னைப் பெண் பார்க்க வந்தவர் தூண்டில் கழியோடு வந்தார். பழமும் பூவும் வெற்றிலையும் அவருடைய அம்மா ஏந்தியிருந்த தட்டில் இருந்தன. மாப்பிள்ளை கையில் இருந்தது கழி மட்டும்தான். குடையைச் சாத்துவதுபோல் அதைக் கதவோரம் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கைகூப்பினார். கடற்கரையிலிருந்து நேராக வருகிறார் என்பது கால்சட்டை மடிப்பில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாலே தெரிந்தது. என் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அப்பா இல்லாத வீடு என்பதால் பெரியவராக உட்கார்ந்திருந்த சித்தப்பாதான், "மீன் ஏதும் மாட்டிச்சிங்களா?" என்று கேட்டு நிலைமையைச் சமாளித்தார்.

நான் காப்பித் தட்டோடு வந்தேன். தலையைக் குனிந்துகொண்டுதான் வரவேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அப்படிக் குனிந்துகொண்டே வந்த என் கண்ணில் பட்டது அந்தக் கழிதான்.

நல்ல முற்றல் மூங்கில். அதன் நீளத்துக்கு இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன இரும்பு வளையங்கள். தூண்டில் நரம்பு அவற்றுக்குள் புகுந்து நுனிவரை போகிறது. ஒவ்வொரு வளையத்தின் காலையும் கழியோடு சேர்த்துப் பட்டு நூலால் சுற்றியிருந்தது. ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பிடிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஏறிப் போய், சீட்டுக்கட்டில் இருக்கிற டைமன் கட்டங்களாக முடிந்திருந்தன. மேலே வார்னிஷ் பூசிப் பளபளவென்று இருந்தது.

நான் அப்போது கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் கூடத்தில் பூவேலை செய்துகொண்டிருந்தேன். அந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. எந்தத் துணியைக் கண்டாலும் திருப்பிப் பின்பக்கம் பார்ப்போம். முன்பக்கத்தில் எல்லாரும் அழகாகத்தான் இருப்பார்கள், யோக்கியதை பின்பக்கத்து முடிச்சில்தான் தெரியும். இந்தக் கழிக்குப் பின்பக்கமே இல்லை. சுற்றிச் சுற்றி எல்லாமே முன்பக்கம். அப்படியானால் நூலை எங்கே முடித்திருப்பார்கள்? முடிச்சு எங்கே?

அவர்கள் போனதும் அம்மா கேட்டாள்.

"மாப்பிள்ளைய நல்லா பாத்தியாடி?"

"கழியப் பாத்தேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கு மாப்பிள்ளையின் மூக்கு எப்படி இருந்தது என்றுகூட ஞாபகம் இல்லை. காப்பி டம்ளரை வாங்கிய கை மட்டும் நினைவிருந்தது. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன, ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கொடி போனாலும் பட்டாளம் போகவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் வைத்திருந்த குடும்பத்துப் பையன்கள் அந்தப் பட்டாளத்தில்தான் இருந்தார்கள். அவர்களை ஊரில் சொல்தா என்போம். என்னைப் பார்க்க வந்தவரும் ஒரு சொல்தாதான். சொல்தா விடுப்பில் வருவார், விடுப்புக்குள் கல்யாணம் நடக்கும், விடுப்பு முடிந்ததும் கப்பலேறுவார். அடுத்த விடுப்பில் அவர் வரும்போது வீட்டில் ஒரு குழந்தை நடந்துகொண்டிருக்கும். "யாரும்மா இது?" என்று அது அப்பாவைக் காட்டி அம்மாவைக் கேட்கும்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா அப்படி ஒருத்தி. மாதம் தவறாமல் கணவருடைய கம்பளிக் கோட்டை எடுத்து வெயிலில் போடுவாள், திருப்பிப் போடுவாள், சாயங்காலம் தட்டி மடித்து உள்ளே வைப்பாள். புதுச்சேரி வெயிலில் கம்பளிக் கோட்டுக்கு என்ன வேலை என்று நான் ஒருநாள் கேட்டேன். "கோட்டு இருந்தா ஆள் வருவாருல்ல" என்றாள். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அவள் நல்லவள், சிரித்த முகம், ஆனால் நான் அவளாக ஆகக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.

அதனால் எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டியிருந்தது. கட்டிக்கொண்டால் கூட்டிக்கொண்டு போவாரா, விட்டுவிட்டுப் போவாரா? அதை மட்டும் கேட்டுச் சொல் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அதெல்லாம் பொண்ணு வூட்டுக்காரங்க கேக்கற கேள்வியாடி? வேணாம்னு எழுந்து போயிடுவாங்க" என்றாள் அம்மா.

"போனா போவட்டும்."

"இன்னா வாய்டி ஒனக்கு!"

அவர்கள் தரப்பிலிருந்து பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அம்மா பதில் சொல்லாமல் இழுத்தடித்தாள். நான் மசியவில்லை. அந்த இடைவெளியில்தான் மத்து விவகாரம் நடந்தது.

அந்த முடிச்சு என்னைத் தூங்கவிடவில்லை. தையல் கூடத்தில் மிஞ்சிய பட்டு நூல் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, கழி இல்லாத குறைக்கு மோர் கடைகிற மத்தின் காம்பில் சுற்றிப் பார்த்தேன். ஆரம்பம் எளிதாகவே பிடிபட்டது. நூலின் முனையைக் காம்போடு படுக்கவைத்து அதன்மேலேயே சுற்றிக்கொண்டு போனால் முனை அடியில் புதைந்துபோகும். சிக்கல் கடைசியில்தான் வந்தது. சுற்றிக்கொண்டே போய் நிறுத்தும்போது கையில் ஒரு முனை மிஞ்சுகிறது. அதை என்ன செய்வது? முடிச்சுப் போட்டால் கொப்புளம்போல் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஊசியில் கோத்துச் சுற்றுக்கு அடியில் நுழைத்தால், இறுக்கமாகச் சுற்றிய நூலை ஊசி பிய்த்துவிடுகிறது. தளர்வாகச் சுற்றினால் ஊசி போகிறது, ஆனால் கட்டு நிற்பதில்லை.

வார்னிஷிலும் அடி வாங்கினேன். பக்கத்துத் தச்சரிடம் கொஞ்சம் வாங்கிப் பூசியதும் என் மஞ்சள் பட்டு ஈரமான வைக்கோல் நிறத்துக்கு இருண்டுபோயிற்று. அவருடைய கழியில் மஞ்சள் மஞ்சளாகத்தானே இருந்தது? துணிக்குப் போடுவதுபோல் முதலில் கஞ்சி தடவிக் காயவைத்து, அதன்மேல் வார்னிஷ் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கஞ்சி தடவிக் காயவைத்த இரவே கரப்பான்பூச்சிகள் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போயின. அவை தின்றது போக மிஞ்சிய சிவப்பு நூல் மத்திலேயே இருக்க, அது தெரியாமல் அம்மா மோர் கடைந்தாள். மோர் ரோஜா நிறமாயிற்று.

"மத்துக்குப் பட்டுச் சட்ட கேக்குதா ஒனக்கு?" என்று அம்மா கேட்டாள். பிறகு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்துக் கேட்டாள். "கழி மேல இருக்கற அக்கற ஆள் மேல இருந்தா இன்னா?"

எனக்கும் கோபம் வந்தது. ஆளைப் பற்றி நான் கேட்ட ஒரே கேள்வியைத்தான் அவள் வாயில் வைத்துப் பூட்டிக்கொண்டாளே.

இப்படி இருக்கும்போது அவருடைய அம்மா ஒருநாள் தானே புறப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கருவடிக்குப்பத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். மடியில் வாழையிலைப் பொட்டலம், அதற்குள் கனகாம்பரம். அவர் வீட்டுக் கொல்லையில் பூத்தது, அவரே கட்டியது. மேற்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்து சொல்தாவைக் கட்டிக்கொண்டு வந்தவர். பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது, தெரியாதது பற்றிக் கவலையும் கிடையாது. காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அந்தச் சந்தில் நான் கேட்டேன். பெரிய கேள்வியைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் வாசலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிட்டது.

"அத்தே, அவரு முடிச்சே இல்லாம எப்படிக் கட்டறாரு? கேட்டுச் சொல்றீங்களா?"

"கட்டறதா?" என்று அவர் முகம் மலர்ந்தது. "கேட்டுச் சொல்றேன், கேட்டுச் சொல்றேன்."

அவ்வளவுதான் நடந்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் பூ வைக்க வருவதாக ஆள் சொல்லியனுப்பினார்கள்.

பூ வைப்பது என்றால் எங்கள் பக்கம் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் இந்தப் பெண் இன்னாருக்கு என்று ஊருக்குத் தெரிந்துபோகும். அதன்பிறகு பின்வாங்கினால் பெண்ணுக்குத்தான் கெட்ட பேர். நான் கத்தினேன். என் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றேன். அம்மா கத்தவில்லை, அழுதாள். அம்மா அழுதால் நான் ஒன்றும் செய்ய முடியாது, அது அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை என்னைப் பட்டுப் பாவாடை கட்டச் சொன்னாள். நாடா நைந்திருந்தது. புது நாடாவைப் பழையதின் முனையில் முடிந்து, பழையதைப் பிடித்து இழுத்தேன். பழையது வெளியே வர, புதியது உள்ளே போயிற்று. தமிழ்நாட்டில் பாவாடை கட்டிய எல்லாரும் செய்கிற காரியம்தான். அன்றைக்கு ஒரு யோசனையும் இல்லாமல் செய்தேன்.

தட்டுகள் வந்தன. கூடத்தில் பாய் விரித்து என்னை உட்காரவைத்தார்கள். அத்தை எனக்கு எதிரில் உட்கார்ந்து, கனகாம்பரமும் மல்லியும் சேர்த்துக் கட்டிய சரத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். வைப்பதற்கு முன் எல்லாரையும் ஒருமுறை பெருமையாகப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணே ஆசயா கேட்டுச்சிம்மா, எப்படிக் கட்டுவாருன்னு. நான் போயி எம்புள்ளகிட்ட சொன்னேன், அந்தப் பொண்ணு இப்படி கேக்குதுடான்னு. அவன் மொகத்துல சிரிப்பப் பாக்கணுமே! 'மொதல்ல பூக்லு வெக்கணும்மா, அப்பறம்தான் கட்டணும். பூக்லு வெக்காம கட்டவே கூடாது, சொல்லிடு'ன்னான். அவன் பட்டாளத்துப் பேச்சு, பூவக்கூட பூக்லுன்னு இழுத்துத்தான் சொல்லுவான். அதான் ஒடனே பூவோட ஓடியாந்துட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து பார்த்தேன்.

பூக்ல் என்ற சொல் எனக்குத் தெரியும். தையல் கூடத்தில் தினமும் கேட்கிற திட்டு அது. நூல் தளர்ந்து துணியின் பின்பக்கம் கொக்கிபோல் வளைந்து தொங்கினால் மேற்பார்வை பார்க்கிற கன்னியாஸ்திரீ அதில் விரலை மாட்டித் தூக்கிக் காட்டி, "பூக்ல்! பூக்ல்!" என்று கூவுவார். பிரெஞ்சில் அதற்கு நூல் வளையம் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் உச்சரிக்கும்போது ஆரம்பத்தில் ஒரு அழுத்தம் இருக்கும். மந்தமான காதுக்கும் ஆசைப்பட்ட மனசுக்கும் அது பூவாகத்தான் விழும்.

அந்த மனிதர் என் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார்! முதலில் ஒரு நூல் வளையத்தை வைத்துவிட்டு அதன்மேல் சுற்றவேண்டும். கடைசி முனையை அந்த வளையத்துக்குள் கோத்துவிட்டு, வளையத்தைப் பிடித்து இழுத்தால், வளையம் வெளியே வரும், முனை உள்ளே போகும். காலையில் நான் நாடா மாற்றினேனே, அதேதான். முடிச்சே தேவையில்லை!

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பூ வைக்க உட்கார்ந்த பெண் சிரிக்கிறாள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். எனக்கு அந்த நிமிஷம் கல்யாணம் மறந்துபோயிற்று, அத்தை மறந்துபோயிற்று, ஓடிப்போய் மத்தை எடுத்துச் சுற்றிப் பார்க்கவேண்டும்போல் கை பரபரத்தது.

அப்புறம்தான் உறைத்தது. அவர் நூலைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இங்கே பூ கையில் காத்திருக்கிறது.

"சித்தப்பா, அவர கூட்டியாங்க" என்றேன்.

"யார?"

"அவரத்தான். பாலத்துப் பக்கம் இருப்பாரு."

பூ வைக்கும்போது மாப்பிள்ளை வருகிற வழக்கம் கிடையாது. ஆனால் என் குரலில் ஏதோ இருந்திருக்கவேண்டும். சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். புயலில் ஒடிந்த பழைய கடல்பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த காலம் அது. அங்கேதான் மீன் ஒதுங்கும் என்று தூண்டில்காரர்கள் கூடுவார்கள். அரைமணி நேரத்தில் மாப்பிள்ளை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, கழியை ஈட்டிபோல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். கூடத்தில் தட்டுகளையும் பெண்களையும் தன் அம்மா கையில் பூச்சரத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீதானடா பூ வெக்கச் சொன்ன" என்றார் அத்தை.

"நானா?" என்றார் அவர். பிறகு அவருக்குப் புரிந்தது. காது மடல் வரை சிவந்துபோயிற்று. "அது பூவு இல்லம்மா. பூக்ல். நூலு... கழில சுத்தறதுக்கு முந்தி..."

அத்தையின் கை சரத்தோடு மெதுவாக மடிக்கு இறங்கியது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை பேர் முன்னால், மகன் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு பூவோடு வந்துவிட்ட தாய். என் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இதைவிட்டால் எனக்கு வேறு சந்தர்ப்பம் கிடையாது என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கட்டிக்கினா என்ன கூட்டிட்டுப் போவீங்களா, இல்ல இங்கயே விட்டுட்டுப் போவீங்களா?"

யாரோ ஒரு அம்மாள் "சிவ சிவா" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நானும் அப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மூக்கு கொஞ்சம் நீளம்தான்.

"இப்ப கூட்டிட்டுப் போவ முடியாது" என்றார். "நான் போற எடத்துல சண்ட நடக்குது. அங்க பொம்பளைங்கள விடமாட்டாங்க. அடுத்த விடுப்புக்குள்ள வேற எடத்துக்கு மாத்திக் குடுன்னு கேக்கலாம், கூட்டிட்டுப் போவ உத்தரவு கேக்கலாம். குடுப்பாங்களா, எனக்குத் தெரியாது."

தெரியாது என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதை மறைத்து எழுதுவானேன். எங்கள் தெருவில் எல்லா மாப்பிள்ளைகளும் "அடுத்த தபா கண்டிப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். தெரியாது என்று சொன்ன ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

"அப்ப நீங்க சொன்னபடியே செய்யலாம்" என்றேன். "மொதல்ல பூக்ல். அப்பறம்தான் கட்டறது. உத்தரவோட வாங்க, வந்து கட்டுங்க."

கூடத்தில் அது அவர் ஒருவருக்குத்தான் முழுதாகப் புரிந்தது. பல் தெரியச் சிரித்தார். நான் மறுபடி பாயில் உட்கார்ந்து அத்தைக்கு முன்னால் தலையைக் குனிந்தேன்.

"வைங்க அத்தே."

அத்தை மடியிலிருந்து எடுத்து வைத்தார். சரம் கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது.

கப்பலேறுவதற்கு முன் அவர் கழியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நுனிக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு வளையத்தின் பழைய கட்டை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றியிருந்தார். சுற்று முடிகிற இடத்தில் மஞ்சள் முனை ஒன்றும், அதைக் கோத்துப் பிடித்தபடி வெள்ளை நூல் வளையம் ஒன்றும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நழுவாமல் இருக்க ஒரு சொட்டு மெழுகு வைத்திருந்தார். "இத வந்து இழுக்கறேன்" என்றார். மஞ்சள் ஏன் இருளவில்லை என்றும் கேட்டேன். வார்னிஷுக்கு முன்னால் முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவிக் காயவைப்பாராம். கஞ்சி என்றேன், மத்துக் கதையைச் சொன்னேன். அம்மா இருமுகிறவரை சிரித்தோம்.

பிறகு காத்திருப்பு. பூ வைத்தும் கட்டாமல் நிற்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு விடுப்பில் வருவார் என்றார்கள், வரவில்லை. அம்மா பகலில் என்னைத் திட்டினாள், சாமி படத்துக்கு முன்னால் அவரைத் திட்டினாள். நான் கழியை எடுத்துத் துடைத்து வைப்பேன். ஒருநாள் துடைத்துக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு அக்காவின் கோட்டு வெயிலில் காய்வதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று துணியைக் கீழே போட்டேன். அப்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அத்தை மட்டும் தவறவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கருவடிக்குப்பத்திலிருந்து நடந்து வருவார். பூ வைத்த பெண்ணுக்குப் பூ கொண்டுவருவது மாப்பிள்ளை வீட்டுக் கடமை என்று சொல்வார். உதிரிப் பூவாகவே கொண்டுவந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஈர வாழைநாரில் கட்டுவார். நான் வாய் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. மறுபடி இரண்டு, இரண்டு, முடிச்சு. மகன் முடிச்சே இல்லாமல் கட்டுகிறார், அம்மா முடிச்சை விட்டால் வேறு ஒன்றும் கட்டுவதில்லை. இதைச் சொன்னேன். "முடிச்சி இல்லாம எதுடி நிக்கும்?" என்றார். பூக்ல் விஷயத்தை மத்தில் சுற்றிச் செய்து காட்டினேன். உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, வெளியே வந்த நூலைத் தொட்டு, "இது இன்னாத்துக்கு?" என்றார். "இழுக்கறதுக்கு மட்டுந்தான் அத்தே" என்றேன்.

அவர் கணவரும் சொல்தாதான். மூன்று விடுப்புக்கு வந்தார், நான்காவதற்கு வரவில்லை. இந்தோசீனாவில் எங்கேயோ புதைத்தார்கள். எங்கே என்று அத்தைக்கு ஊர்ப்பெயர் சொல்ல வராது. ஒரு வெள்ளிக்கிழமை, பூ கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"அன்னிக்கி நின்னு கேட்டியே, கூட்டிட்டுப் போவியா வுட்டுட்டுப் போவியான்னு. எனக்கு அது கேக்கணும்னுகூடத் தோணல பாரு."

அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து பூவை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அம்மாவிடம்கூட நான் அவ்வளவு ஒட்டியிருந்ததில்லை.

கடைசியில் மாப்பிள்ளை வந்தார். புதுக் கடல்பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம், தூண்டில்காரர்களை அங்கிருந்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். பிரான்சில் தெற்கே ஒரு துறைமுக ஊருக்கு மாற்றலும், மனைவியைக் கூட்டிக்கொண்டு வர உத்தரவும் வாங்கி வந்திருந்தார். தாலி கட்டும்போது மூன்று முடிச்சையும் அவரே போட்டார். நாத்தனார் முறைக்கு ஆள் இல்லை. "முடிச்சு தெரியுது" என்று கிசுகிசுத்தேன். "இதுல தெரியணும்" என்றார்.

உத்தரவு மனைவிக்கு மட்டும்தான். தன் அம்மாவுக்கும் கேட்டுப் பார்த்தாராம், கிடைக்கவில்லை. அத்தை அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "நான் வந்து அந்தக் குளுருல இன்னா பண்றது? கனகாம்பரத்துக்கு யாரு தண்ணி ஊத்தறது?" என்றார். நாங்களும் அதை நம்பிக்கொண்டோம். எனக்கு அப்போது தலைகால் புரியாத சந்தோஷம். எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்து வழியனுப்பினாள். கூட்டிக்கொண்டு போகிறார், கூட்டிக்கொண்டு போகிறார் என்று மனசுக்குள் ஒன்று குதித்துக்கொண்டே இருந்தது.

புறப்படுகிற அன்று காலை, கருவடிக்குப்பம் வீட்டில் பெட்டிகளை எல்லாம் கட்டி முடித்தபிறகு, அவர் கழியை எடுத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தார். ஒருபக்கம் நான், ஒருபக்கம் அத்தை. இத்தனை வருஷம் ஆகி மெழுகு கறுத்துப்போயிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தார். அறுந்துவிடுமோ என்று நான் கிட்டே குனிந்தேன். வெள்ளை வளையத்தை விரலில் மாட்டி, மெதுவாக, ஒரே சீராக இழுத்தார். மஞ்சள் முனை தயங்கியது, பிறகு சுற்றுக்கு அடியில் நுழைந்து போயே போய்விட்டது. தடவிப் பார்த்தேன். எங்கே போயிற்று என்று என் விரலுக்கே தெரியவில்லை. நான் கைதட்டினேன்.

வெளியே வந்த வெள்ளை நூல் மண்ணில் விழுந்திருந்தது. அத்தை குனிந்து அதை எடுத்தார்.

"இத இன்னா பண்றது?" என்றார்.

நான் கழியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அதோட வேல முடிஞ்சிடுச்சி அத்தே. அத உள்ள வுட்டுட்டா கட்டு நிக்காது. வெளியதான் வரணும்."

சொல்லி முடித்தபிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை நூலை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சுற்றிக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும். வீணாக்காத" என்றார். "பூ கட்ட ஆவும்."